பாலோடு வைக்காத குப்பி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: என் தங்கை, அவளுடைய புருஷன், அவருடைய தாய், நான். நான்கே பேர். பின்வளவில் கட்டியிருந்த பசுவையும் சேர்த்தால் ஐந்து. ஆறாவதாக யாராவது வந்து படலையைத் தட்டியிருந்தாலும் நாங்கள் திறந்திருக்க மாட்டோம். கார்த்திகை மாதம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று காலையிலேயே வானொலியில் சொல்லிவிட்டார்கள்.

வீடு நயினாதீவில். தங்கையின் புருஷன் அங்கே ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூசை செய்கிறவர். தீவின் பெரிய அம்மன் கோயிலுக்கு வருகிற சனம் அந்தப் பிள்ளையாரைக் கண்டுகொள்ளாது. காலையில் ஒரு பூசை, மாலையில் ஒரு பூசை, சதுர்த்திக்குக் கொஞ்சம் கூட்டம், அவ்வளவுதான். நான் இருப்பது பக்கத்துத் தீவில், கரம்பொனில். தங்கை வரச் சொன்னதால் இரண்டு நாளைக்கு முன்னமே வந்து நின்றேன்.

எனக்குக் கவலைப்படாமல் இருக்கத் தெரியாது. அடுப்பை நிறுத்தினேனா என்று படகில் ஏறிய பிறகு யோசிக்கிறவள் நான். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து வெளியே போய்விட்டார்கள். அவர்கள் சாப்பிட்டார்களா என்று இங்கிருந்து கவலைப்படுவேன். சின்ன வயதில் யுத்தத்தில் ஊரை விட்டு ஓடி, பள்ளிக்கூடம் மாறி மாறிக் கடைசியில் எட்டாம் வகுப்போடு நின்றுபோனேன். அதனால் பெரிய விஷயம் எதுவானாலும் எனக்கு விளங்காத ஏதோ ஒன்று அதற்குள் இருக்கும் என்ற பயம் எப்போதும் உண்டு. தங்கை படித்தவள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு நல்ல புள்ளி எடுத்தவள். ஆனாலும் இந்த விஷயத்துக்கு அவள் என்னைத்தான் கூப்பிட்டாள்.

விஷயம் இதுதான். தங்கைக்குப் பிள்ளை இல்லை. கல்யாணம் செய்து பல வருஷம் கழித்து ஒன்று தங்கியது. ஐந்தாம் மாதத்தில் அது இல்லாமல் போனது. வயிற்றைச் சுத்தம் செய்துதான் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு மாதம் வருவது குறைந்துகொண்டே போனது. முன்பு நான்கு நாள் என்றால், பிறகு ஒரு நாள். பிறகு ஒரு கறை. கருப்பையின் உள்தோல் தழும்பாகி ஒட்டிக்கொண்டது என்று பிறகுதான் தெரிந்தது. யாருடைய பிழையும் இல்லை, சிலருக்கு அப்படி ஆகிவிடும் என்றார்கள். அந்தத் தோல் வளராவிட்டால் எந்தக் கருவும் தங்க இடமில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் டொக்டரிடம் தங்கையும் நானும் போனோம். அவர் மெல்லிய குரலில் பேசுகிறவர். கடைசியாக ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது இன்னும் பரீட்சித்துப் பார்க்கிற நிலையில்தான் இருக்கிறது என்று தொடங்கினார்.

"மாதவிடாய் இரத்தத்தில ஸ்டெம் செல் எண்டு ஒரு வகை இருக்குதம்மா. கருப்பையின்ர தோல் மாசாமாசம் கழண்டு விழுந்து திரும்ப வளருதெல்லோ, அதை வளரச்செய்யிற கலங்கள். உங்கட இரத்தத்திலயிருந்தே அதை எடுத்து, கொழும்பில ஆய்வுகூடத்தில பெருக்கி, திரும்ப உங்கட கருப்பைக்குள்ளயே வைச்சுப் பாப்பினம். சிலருக்குத் தோல் தடிச்சிருக்குது. சிலருக்கு ஒண்டும் நடக்கேல்லை. நான் சத்தியம் பண்ண மாட்டன்."

எனக்குப் பாதி விளங்கவில்லை. தங்கை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "குருத்து மாதிரி அக்கா. வெட்ட வெட்ட வாற குருத்து."

"பனையின்ர குருத்தை வெட்டினால் மரம் செத்துப்போமே" என்றேன் நான். வாய் தவறித்தான் வந்தது.

டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கையும் சிரித்தாள். "வாழைக்கு வரும் அக்கா. பனைக்கு வராது. நான் எது எண்டு பாப்பம்."

அந்தச் சிரிப்பைத்தான் பிறகு நான் அதிகம் நினைத்துக்கொண்டேன். வருஷக்கணக்காக அவள் இப்படிச் சிரித்ததில்லை.

டொக்டர் ஒரு வெள்ளைப் பெட்டி தந்தார். மீன் ஏற்றுகிற பெட்டி போலவே இருக்கும், ஆனால் ஒரு சாப்பாட்டுப் பாத்திரம் அளவுதான். அதற்குள் உறையவைத்துக் குளிர்மைக்கு வைக்கிற இரண்டு பொதிகள். மூடி போட்ட ஒரு குப்பி. குப்பிக்குள் இளஞ்சிவப்பாக ஒரு மருந்துத் தண்ணீர். இரத்தம் பிடிக்க ரப்பர் போல ஒரு கிண்ணம். எப்படி வைப்பது, எப்படி எடுப்பது என்று தாதி ஒருத்தி தங்கைக்குத் தனியாகக் காட்டினாள். ஒரு தேக்கரண்டி அளவாவது வேண்டும், எடுத்த கையோடு குளிரில் வைத்து அன்றைக்கே கொண்டுவர வேண்டும், உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது என்று அவள் மூன்று தரம் சொன்னாள். நான் நான்கு தரம் கேட்டேன்.

பிறகு காத்திருந்தோம். இதை எழுதும்போதுகூட எனக்கு அது விசித்திரமாகத்தான் இருக்கிறது. பெரியபிள்ளையான நாளிலிருந்து எங்களுக்குச் சொல்லித் தந்தது, வந்தால் ஒதுங்கு, தொடாதே, காட்டாதே என்பதுதான். எங்கள் அப்பாவும் கரம்பொனில் பூசை செய்தவர். தங்கை போன வீடும் பூசை வீடு. அங்கே வீட்டுக்குத் தூரமானால் பின்னறைதான். அந்த அறையில் ஒரு பாய், ஒரு செம்பு, ஒரு தட்டு. மாமியார் சோற்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு விலகி நிற்பார். தலையில் முழுகிய பிறகுதான் குசினிக்குள் சமைக்க வரலாம். இத்தனை வருஷமாகத் தங்கை இதற்கு முகம் சுளித்து நான் கண்டதில்லை. இப்போது அதே பின்னறையில் அவள் அந்த இரத்தம் வராதா என்று குந்தியிருந்தாள்.

முதல் மாதம் ஒரு கறை மட்டும். அடுத்த மாதம் ஒன்றுமில்லை. அதற்கடுத்த மாதம் கிண்ணத்தின் அடியில் ஈரம் ஒட்டினதோடு சரி. ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவாள், நான் கரம்பொனிலிருந்து போவேன், வெறுங்கையோடு திரும்புவேன்.

தங்கையின் மாமிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. மகன் சொல்லித்தான் அவவுக்குத் தெரிந்தது. அன்று என் முன்னாலேயே கேட்டா:

"தீட்டிலயிருந்தோ பிள்ளை வரப்போகுது? உலகத்தில இல்லாத வைத்தியமாய் எல்லோ கிடக்குது."

"எல்லாப் பிள்ளையும் அதுக்குள்ளயிருந்துதானே மாமி வந்தது" என்று பின்னறைக்குள்ளிருந்து தங்கை சொன்னாள்.

மாமி "வாயைப் பார்" என்று பசுவைப் பார்த்துச் சொன்னா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அந்தக் கிழமையே பின்னறைக்கு ஒரு கதிரையும் மின்விசிறியும் வந்தன. யார் போட்டது என்று எவரும் சொல்லவில்லை.

கார்த்திகையில் அந்த நாள் வந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் பின்னறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"அக்கா. வந்திட்டுது. இந்தமுறை அளவு காணும்போல கிடக்குது."

நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். குப்பிக்குள் ஊற்றியபோது இளஞ்சிவப்புத் தண்ணீர் மெல்லக் கருஞ்சிவப்பானது. தாதி குறித்திருந்த கோட்டைத் தாண்டி நின்றது. தங்கை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட யாரிடமும் காணவில்லை. நான் சந்திக்கடைக்கு ஓடிப்போய்ப் பொதிகளை எடுத்துவந்து வைத்துப் பெட்டியை மூடினேன். மூடி சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். திறந்தால் குளிர் போய்விடும் என்று அவள் ஏசினாள்.

அந்தப் பொதிகளை உறையவைத்தது சந்தியிலிருந்த கடையின் குளிர்ப்பெட்டியில். ஊசிமருந்துக்கு என்று கடைக்காரியிடம் சொல்லியிருந்தோம். வீட்டுப் பிரிட்ஜில் அதுகளை வைக்கவில்லை. அந்தப் பிரிட்ஜ் கோயிலுக்கானது. காலையில் கறக்கிற பால் அடுத்த நாள் அபிஷேகத்துக்கு என்று அதற்குள் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற மாலைகள், வெற்றிலை, உபயகாரர் தருகிற பழங்கள் எல்லாம் அதற்குள்தான். மீதி இடத்தில்தான் வீட்டுத் தயிரும் மோரும். மாமி அந்தப் பிரிட்ஜைக் குளிக்காமல் திறக்க மாட்டா.

நான் பெட்டியோடு துறைக்குப் போனபோது படகு இல்லை. கடல் பழுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கரைக் குறிகட்டுவான் பக்கம் கண்ணுக்கே தெரியவில்லை. துறையில் நின்ற ஒரு மனுசனிடம் கேட்டேன்.

"தம்பி, பதினொரு மணிப் படகு?"

"எந்தப் படகு அம்மா? கடலைப் பாருங்கோ. எல்லாம் நிப்பாட்டியாச்சு."

"பின்னேரமாவது விடுவினமோ?"

"பின்னேரமும் இல்லை. கட்டாயம் போகவேணுமெண்டால் நீந்திப் போங்கோ." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "வருத்தக்காரர் ஆரும் இருக்கினமோ? இருந்தால் நேவிக்காரரிட்டச் சொல்லிப் பாக்கலாம்."

"வருத்தக்காரர் இல்லை. ஒரு மருந்து."

"மருந்து வாறது தானேம்மா. இஞ்சையிருந்து போறதும் உண்டோ?"

அவர் பகிடியாகத்தான் கேட்டார். எனக்குப் பெட்டியை எந்தக் கையில் பிடிப்பது என்றே தெரியவில்லை. அதற்குள் இருப்பதைச் சொன்னால் அந்த மனுசனுக்கு விளங்குமா, நேவிக்காரருக்கு எந்தப் பாஷையில் சொல்வது, சொன்னால் அது ஊருக்குள் எப்படித் திரியும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் யோசித்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தோம். தாதி பேசினாள். "நாளைக்கு விடிய வந்தாலும் பரவாயில்லை. ஆனால் அந்தப் பொதி பின்னேரத்துக்கு மேல தாங்காது. குப்பியைப் பிரிட்ஜின்ர கீழ்த்தட்டில வையுங்கோ. மேலே வைச்சு உறையவிடாதேங்கோ. குளிர் விட்டால் கிருமி பெருகிவிடும். கவனம்."

சந்திக்கடை பூட்டியிருந்தது. காலையில் பொதிகளைத் தந்த கையோடு கடைக்காரி முதல் படகில் யாழ்ப்பாணம் போய் அங்கேயே மாட்டிக்கொண்டாளாம். வேறு வீடுகளில் பிரிட்ஜ் இல்லாமலில்லை. ஆனால் ஒரு வீட்டில் கேட்டால் என்ன மருந்து, ஆருக்கு, என்ன வருத்தம் என்று கேட்பார்கள். ஐயர் வீட்டுப் பிரிட்ஜுக்கு என்ன வந்தது என்றும் கேட்பார்கள்.

அப்படித்தான் நாங்கள் நால்வரும் பின்வாசலில் நின்றோம். தங்கை பின்னறைக் கதவின் உள்பக்கம், நான் பெட்டியோடு படியில், தங்கையின் புருஷன் கிணற்றடியில், மாமி குசினி வாசலில். மழை தொடங்கியிருந்தது. பிரிட்ஜ் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தங்கையின் புருஷன்தான் முதலில் வாய் திறந்தார். அவர் அதிர்ந்து பேசாத மனுசன்.

"அக்கா, நான் கோயிலுக்குப் போகப்போறன். நான் போனாப்பிறகு நீங்கள் என்னத்தை எங்க வைச்சாலும் எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் மாட்டன்."

"உமக்குத் தெரியாட்டில் பிள்ளையாருக்கும் தெரியாதோ?" என்று தங்கை உள்ளேயிருந்து கேட்டாள்.

"அவர் பெரிய காது உள்ளவர்தான். ஆனால் சிலதை விட்டுவிடுவார்" என்றார் அவர். சிரிக்க வைக்கத்தான் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்போது மாமி சொன்னா. அந்தக் குரல் எனக்கு இன்னமும் கேட்கிறது.

"பிள்ளை, கொண்டா இஞ்சை. பாலை நான் ஊத்திவிடுறன். மாலையளை வாளித் தண்ணியில போட்டு ஈரத்துணியால மூடிவைச்சால் விடியுமட்டும் கிடக்கும். விடிய மாட்டைக் கறந்து புதுப்பால் குடுப்பம். பிறகு நான் பிரிட்ஜுக்கு மஞ்சள்தண்ணி தெளிக்கிறன். பெட்டியைக் கீழ்த்தட்டில வை."

நான் மாமியைப் பார்த்தேன். மருமகளுக்குத் தூரத்தில் நின்று செம்பில் தண்ணீர் வார்க்கிற மனுசி அவ. ஆனால் அன்று சொன்ன சொல்லை அவ மாற்றவில்லை. உள்ளே போய்ப் பாற்செம்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னாலேயே தென்னையடியில் ஊற்றினா. ஊற்றிவிட்டுக் கையைத் தலையில் வைத்துக் கும்பிட்டா.

நான் குளித்து, ஈரச் சேலையோடு குசினிக்குள் போய், பெட்டியிலிருந்த குப்பியை எடுத்துப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். உருளாமல் இருக்க ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் நிறுத்தினேன். கதவை மூடினேன். சரியாக மூடினதா என்று பார்க்க இழுத்தேன். பிறகும் இழுத்தேன். தங்கையிடம் போய், "எல்லாம் சரி, நீ படு" என்றேன்.

"ஓம்" என்றாள்.

மாலைப் பூசைக்கு மாமியும் மகனும் கோயிலுக்குப் போனார்கள். அடுத்த நாள் முதல் படகு விடுமா என்று கேட்க நான் குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் துறைக்குப் போனேன். காற்று விழுகிறது, விடிய ஓடும் என்றார்கள். அந்த நல்ல செய்தியை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். வீடு அமைதியாக இருந்தது. பின்னறைக் கதவு மூடியிருந்தது. இரவு சோற்றை மாமி கொண்டுபோய் வாசலில் வைத்தா. அன்று அவ விலகி நிற்கவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்தா. உள்ளேயும் வெளியேயும் இருந்து இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

விடிந்ததும் படகுக்கு முன்னமே பிரிட்ஜைத் திறந்தேன். சிரட்டை இருந்தது. குப்பி இல்லை.

மாமி எடுத்து எறிந்துவிட்டா என்றுதான் முதலில் நினைத்தேன். கடவுள் மன்னிக்கட்டும். பின்வாசலைத் திறந்துகொண்டு ஓடினேன்.

தங்கை கிணற்றடியில் குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு மண்பானை. பானைக்குள் ஈரமணல். மணலுக்குள் கழுத்துவரை குப்பி. பானையைச் சுற்றி நனைந்த சாக்கு. அவள் கையில் செம்பு. சாக்கின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன.

"என்னடி இது?"

"நீங்கள் எல்லாரும் போனாப்பிறகு எடுத்தனான் அக்கா. அறைக்குள்ள வைச்சு இரவு முழுக்கத் தண்ணி தெளிச்சனான். தொட்டுப் பாருங்கோ, நல்ல குளிர்."

தொட்டுப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரின் குளிர்தான். மழைநாளின் குளிர்தான். தாதி சொன்ன குளிர் அதுவல்ல என்று எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரிந்தது. விஞ்ஞானத்துக்கு நல்ல புள்ளி எடுத்த அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

"மாமிதானே வை எண்டவா. பாலையும் ஊத்திவிட்டாவே. பிறகு ஏன்?"

"அதுதான் அக்கா" என்றாள். "பிரிட்ஜைத் திறந்தனான். பால் இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. எனக்காக மாமி சாமியின்ர பாலைக் கொட்டினவா. நான் அதைப் பார்த்துக்கொண்டு அந்த இடத்தில இதை வைச்சிருக்கிறதோ? முன்னம் ஒருக்கா, பிள்ளை வயித்தில இருக்கேக்குள்ள, தூரம் எண்டு தெரியாமல் ஒரு கறையோட விளக்குக்கு எண்ணெய் விட்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அடுத்த கிழமை பிள்ளை கலைஞ்சுபோட்டுது."

"அது அதால இல்லையடி. கறை வந்ததே பிள்ளை போறதுக்காகத்தான். டொக்டர் சொன்னவா தானே."

"டொக்டர் சொன்னது எனக்கும் தெரியும் அக்கா. தெரிஞ்சு என்ன? இன்னொருக்கா அப்படியொரு குற்றத்தோட ஒரு பிள்ளை வந்து, அதுவும் போனால், நான் பிறகு எப்படி இருப்பன்?"

அவளைக் கோபிக்க என்னால் முடியவில்லை. மாமி இறங்கி வந்துவிட்டா. அவளுடைய புருஷன் இறங்கி வந்துவிட்டார். எல்லோரும் வழிவிட்டு நிற்க, அவளால்தான் அந்த ஒரு படியைத் தாண்ட முடியவில்லை. அத்தனை வருஷமும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கட்டி வைத்த படி அது. ஒரு பின்னேரத்தில் அது போய்விடும் என்று நான்தான் நினைத்துவிட்டேன்.

"மாமிக்குச் சொல்லாதேங்கோ அக்கா" என்றாள். "அவ தாங்க மாட்டா."

முதல் படகில் ஏறினேன். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முதல் நாள் தீவில் மாட்டிக்கொண்ட யாத்திரைக்காரர்கள் படகு நிறைய இருந்தார்கள். பக்கத்திலிருந்த ஒரு மனுசி, நான் பெட்டியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "கோயில் பிரசாதமோ அம்மா?" என்று கேட்டா. கேட்டுக்கொண்டே பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. நான் பெட்டியை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டேன். அப்படி ஒருவர் கும்பிட்டதையாவது தங்கைக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிறகு அதையும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி குப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அவள் முகம் மாறியது.

"எங்கேயம்மா வைச்சிருந்தனீங்கள்?"

"மணலுக்குள்ள. ஈரமணலுக்குள்ள, பிள்ளை."

அவள் என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. சின்னப் பெண்தான், கல்யாணம்கூட ஆகியிருக்காது. "அனுப்பிப் பாப்பம் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குப்பியைக் குளிரில் வைத்தாள்.

சில நாள் கழித்து டொக்டர் தங்கையோடு தொலைபேசியில் பேசினார். கிருமி வளர்ந்துவிட்டது, கலங்கள் உயிரோடு இல்லை. அடுத்த மாதம் பார்ப்போம் என்று ஆறுதலாகத்தான் சொன்னாராம்.

மாமிக்கு நாங்கள் பழுதாகிப் போனது என்று மட்டும் சொன்னோம். அவ குசினிக்குள் போய்ப் பிரிட்ஜின் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தா.

"இந்தச் சனியன் பிடிச்ச பெட்டிதான். கதவு ஒழுங்காய்ப் பொருந்தாது. நான் எத்தனை தரம் இவனுக்குச் சொன்னனான்? கேட்டவனோ? என்ர பேரப்பிள்ளையை இந்தப் பெட்டியெல்லோ திண்டது."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மாமி ரப்பர் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே அழுதா. அவ அழுது நான் கண்டது அன்றைக்குத்தான்.

அடுத்த கிழமை, எங்கள் ஒருவருக்கும் சொல்லாமல், மாமி மகனைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனா. திரும்பும்போது படகில் ஒரு சின்னப் பிரிட்ஜ் வந்தது, இடுப்பளவு உயரம், வெள்ளை நிறம். துறையிலிருந்து தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், "ஐஸ்கிறீம் விக்கப்போறன்" என்று மாமி சொன்னாவாம். அதைக் கொண்டுபோய்ப் பின்னறையில் வைத்தா. தங்கையின் பாய்க்குப் பக்கத்தில். பின்னறைக்குள் அவ காலடி வைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தரம்.

"இது உன்ர. இதுக்குள்ள பால் வராது, மாலை வராது. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல ஏலாது. அடுத்தமுறை வரேக்குள்ள இதுக்குள்ள வை" என்றா.

தங்கை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியைக் கட்டிப்பிடிக்க முடியாமல்தான் அதைப் பிடித்தாளோ என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த மாதம் வரவில்லை. தையில் வரவில்லை. மாசியில் ஒரு கறை; கிண்ணத்தில் ஒட்டக்கூட இல்லை. டொக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, இரத்தப் பரிசோதனைத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சிலருக்கு வயதுக்கு முன்னமே மாதம் நின்றுபோகும், தங்கைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்றார். இனி வருகிற இரத்தம் இல்லை. எடுக்க ஒன்றும் இல்லை. வேறு வழிகள் சிலதைச் சொன்னார். தங்கை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பஸ் நிலையம்வரை நடந்தோம். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நான்தான் வழியெல்லாம் அவள் சாப்பிட்டாளா, செருப்பு வார் அறுந்துவிடுமா, மழை வருமா என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன்.

தங்கை இப்போது பின்னறைக்குப் போவதில்லை. போகக் காரணமில்லை. மாதம் முழுவதும் குசினியில் நிற்கிறாள், விளக்கேற்றுகிறாள், மாலை கட்டுகிறாள். ஊரில் சில பெண்கள் அவளைப் பார்த்து, "இனி உமக்குக் கோயில் வேலைக்குத் தடையில்லை, நல்லதுதானே" என்கிறார்களாம்.

அந்தப் பிரிட்ஜை விற்றுவிடலாம் என்று தங்கையின் புருஷன் ஒருமுறை சொன்னார். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. தயிர் வைக்கலாமே என்று நான் கேட்டேன். அதற்கும் மாட்டேன் என்றா. அது பின்னறையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; போகிற வேளைகளில் அதன் சத்தம் எனக்குக் கேட்கும். உள்ளே ஒன்றும் இல்லை. தவணைக்கு எடுத்தது அது. மாமி தன் காப்பொன்றை அடகு வைத்து முற்பணம் கட்டினாவாம். மாதத் தவணையை இப்போது தங்கைதான் மாலை கட்டி வருகிற காசில் கட்டுகிறாள். வேறு எவரையும் கட்ட விடுவதில்லை. இன்னும் கட்ட இருப்பது நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபா.